கேட்கப்படாத கேள்வி

பொட்டாசியம் குளோரைடு ஊசியை நீர்க்காமல் நேராக ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இரவு டியூட்டியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனுக்கு அளவில் சந்தேகம் வந்தால், முதுநிலை மாணவரான பி.ஜி.யிடம் கேட்டுத் தெளிய ஒரு நிமிடம் போதும். “இதுகூடத் தெரியாதா?” என்று கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் பலர் அந்த நிமிடத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

அந்தப் பயத்துக்குப் பின்னால் இருப்பது, தகுதியில்லாமல் எப்படியோ உள்ளே வந்துவிட்டோம், ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற எண்ணம். இதை 1978-இல் விவரித்து எழுதியவர்கள் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள். இதையே இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று இன்று பரவலாகச் சொல்கிறார்கள். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இது இல்லை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், 138 அமெரிக்க மருத்துவ மாணவர்களைக் கேட்டதில் பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கும் ஆண்களில் சுமார் கால்வாசிப் பேருக்கும் இந்த எண்ணம் இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் இந்த எண்ணத்தோடு பணிச்சோர்வும் நோயாளியிடமிருந்து மனம் விலகிப்போவதும் சேர்ந்தே காணப்பட்டன என்பதை ஒதுக்கிவிட முடியாது.

பயிற்சி மருத்துவருக்கும் நர்சிங் மாணவிக்கும் பல விஷயங்கள் உண்மையாகவே தெரியாது. அதற்காகத்தானே பயிற்சி! “இன்னும் கற்கவில்லை” என்பதை “எனக்குத் தகுதியில்லை” என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் வாய் அடைத்துப்போகிறது.

வாய் அடைத்தால் வார்டில் என்ன ஆகும்? ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் இரண்டு மருத்துவமனைகளின் நர்சிங் குழுக்களை ஆராய்ந்து 1996-இல் எழுதினார். நல்ல குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, அங்கேதான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தது வியப்பாக இருந்தது. அங்கே பயமின்றிச் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பது அவர் கண்ட விளக்கம். ரவுண்ட்ஸில் நோயாளியின் முன்னே மாணவரை அவமானப்படுத்தும் சீஃபின் வார்டில் தவறுகளே பதிவாகவில்லை என்றால், அதைப் பாராட்டாகக் கொள்ள வேண்டாம்.

எனவே தன்னம்பிக்கை வகுப்பு மட்டும் இதற்கு மருந்தாகாது. சந்தேகத்தைச் சூழலும் விதைக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த மாணவரைச் சக மாணவரே “கோட்டா” என்று குத்திக்காட்டினால், அவர் மனத்தில் எழும் சந்தேகம் அவராக வளர்த்துக்கொண்டது அல்ல, பிறர் ஊட்டியது.

தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் வெளியிட்ட இணையக் கணக்கெடுப்பில், பதிலளித்த இளநிலை மாணவர்கள் 25,590 பேரில் 27.8 சதவீதத்தினர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். எல்லாம் தகுதியில்லை என்ற ஓர் எண்ணத்தால் வந்தவை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த எண்ணத்தைத் தனியே சுமப்பது ஆபத்து என்று சொல்லலாம்.

பயிற்சியில் இருப்பவர்களே, சந்தேகம் வந்தால் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுங்கள். மூத்தவர்களே, இரவு இரண்டு மணிக்கு வந்தாலும் அந்த அழைப்பைத் திட்டாமல் எடுங்கள். மனம் தாங்காதபோது பேச, டெலி-மானஸ் 14416 எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது; கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.