ஊரடங்கில் காத்திருந்த சிறார் அறுவைகள்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவின் அறுவைப் பட்டியலில் இருந்த சிறார்களில் பெரும்பாலோரை வீட்டிலேயே காத்திருக்கச் சொல்ல நேர்ந்தது. உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத அறுவைகளைத் தள்ளிவைப்பது அன்று பரவலாக மேற்கொள்ளப்பட்ட முடிவுதான். ஆயினும் எங்கள் துறையில் அது கூடுதல் கடுமையுடன் செயற்பட்டது. கொரோனா கிருமி மூக்கின் பின்புறத்திலும் தொண்டையிலும் மிகுதியாகத் தங்கும். டான்சில், அடினாய்டு சதைகளை அகற்றும் மருத்துவரின் முகமோ அவ்விடத்திற்கு மிக அருகில் இருக்கும். காதின் பின்னெலும்பைக் குடையும் கருவியும் நுண்துளிகளைக் காற்றில் தெளிக்கும். பின்னர் அறுவைகள் மெல்லத் தொடங்கியபோதும், ஆர்டி-பிசிஆர் பரிசோதனை, கவச உடை, ஒவ்வோர் அறுவைக்குப் பின்னும் அறையின் காற்று மாறும்வரை காத்திருத்தல் என நாளொன்றுக்குச் செய்யக்கூடியவை குறைந்தன. 2021 இல் கரும்பூஞ்சை நோய் பரவியபோது அரங்குகள் அதற்கே தேவைப்பட்டன.

பட்டன் பேட்டரியை விழுங்கிய குழந்தைக்கும், மூச்சுக்குழாயில் நிலக்கடலை சிக்கிய குழந்தைக்கும் எந்த அலையிலும் கதவு அடைக்கப்படவில்லை.

“இவ்வளவு நாள் தள்ளிப்போட்டும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அறுவை உண்மையில் தேவைதானா?” என்று பெற்றோர் பலர் இப்போது வினவுகின்றனர். நியாயமான வினா. அதற்கான விடை நோய்க்கு நோய் மாறுகிறது.

நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வதை முதலில் எடுத்துக்கொள்வோம். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு மூக்கையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் அடைபட்டு, செவிப்பறைக்குப் பின்னால் பசைபோன்ற நீர் தேங்கும். வலி பெரும்பாலும் இராது. கேட்கும் திறன் மட்டும் மங்கும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று வீட்டார் கடிந்துகொள்வதும் உண்டு. பள்ளிகள் மூடப்பட்டு, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சளியைப் பரப்பாதிருந்த மாதங்களில், இந்த நீர் பலருக்குத் தானாகவே வற்றியது. இத்தாலியிலும் மருத்துவர்கள் இதைக் கண்டு பதிவு செய்தனர். பெருந்தொற்றுக்கு முன்னரும் மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த பின்னரே செவிப்பறையில் சிறு குழாய் பொருத்துவதைப் பற்றி முடிவெடுப்பது வழக்கம். அந்தப் பொறுமைக்கு இக்காலம் வலுச் சேர்த்தது. எனினும் பள்ளிகள் திறந்தபின் சளியும் திரும்பிற்று. எனவே 2020 இல் எடுத்த கேள்திறன் பரிசோதனையை வைத்து இன்று எதையும் முடிவுசெய்ய இயலாது.

தொண்டை அழற்சியும் அவ்வாறே. ஓராண்டில் ஏழு முறை, அல்லது ஈராண்டாக ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூவாண்டாக ஆண்டுக்கு மூன்று முறை கடும் அழற்சி வந்தால் டான்சிலை அகற்றுவதைக் கருதலாம் என்பது மருத்துவ உலகில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. வீட்டிலிருந்த காலத்தில் அந்த எண்ணிக்கை குறைந்த பிள்ளைகள் பலர். அவர்களுக்கு அறுவை வேண்டாம் என்று சொல்வதில் எங்களுக்கும் மகிழ்ச்சியே.

ஆனால் பருத்த சதையால் உறக்கத்தில் மூச்சு தடைபடும் குழந்தையின் நிலை வேறு. பள்ளி மூடினாலும் அந்தச் சதை வழிவிடாது. குறட்டை, இடையில் மூச்சு நின்று திடுக்கிடல், பகலில் சோர்வு, எரிச்சல் ஆகியவை மாதக்கணக்கில் நீடித்தன. காதில் நாற்றத்துடன் சீழ் வடியும் பிள்ளைகளில் சிலருக்குச் செவிப்பறைக்குப் பின் தோல்திரள் வளர்ந்து எலும்பை அரிக்கும். அதுவும் காத்திருக்கும் நோயன்று.

எங்களை மிகவும் வருத்தியது பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளின் காத்திருப்பு. பேச்சைக் கற்கும் மூளையின் ஆற்றல் முதல் சில ஆண்டுகளிலேயே உச்சத்தில் இருக்கிறது. தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்குட்பட்டோருக்கே காக்ளியர் கருவி பொருத்த உதவுகிறது. 2020 இல் நான்கரை வயதான குழந்தைக்கு ஓராண்டு தாமதம் என்பது எத்தகையது என்பதைப் பெற்றோர் விரல்விட்டு எண்ணினர். கருவி பொருத்தப்பட்டவர்க்கும் பேச்சுப் பயிற்சி கைப்பேசித் திரைக்கு மாறியது. நேரில் வந்தாலும் முகக்கவசம் பயிற்சியாளரின் உதடுகளை மறைத்தது. உதட்டசைவைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு அது சிறு இழப்பன்று.

ஆகவே, தள்ளிவைத்த அறுவைக்குப் பின் திரும்பி வராத பிள்ளைகளை மீண்டும் ஒருமுறை புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம். குறட்டை விடும் குழந்தையாயின், உறங்கும்போது மார்பும் வாயும் தெரியுமாறு இரண்டு நிமிடம் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். வாய்மொழி விளக்கத்தைவிட அது எங்களுக்கு மிகுதியாக உதவும். பழைய மருத்துவச் சீட்டு தொலைந்திருந்தாலும் தயங்க வேண்டாம். கேள்திறன் பரிசோதனையை எப்படியும் புதிதாகவே செய்வோம்.