நண்டின் காலில் ஒரு நியதி

மட்டக்களப்புச் சந்தையில் கொடுக்குக் கட்டி வைத்திருக்கும் களிநண்டுகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சிலவற்றுக்கு ஒரு கொடுக்கு பெரிதாகவும் மற்றது குழந்தைக் கைபோலச் சிறுத்தும் இருக்கும். வாங்க வருபவர்கள் அவற்றை ஒதுக்கிவிடுவார்கள். ஆனால், அறுந்துபோன இடத்தில் மறுபடி முளைத்த அந்தச் சின்னக் கொடுக்கில்தான் படைத்தவனின் கைவண்ணம் துலங்குகிறது.

ஆபத்து வந்தால் நண்டு தன் கொடுக்கையோ காலையோ தானே கழற்றிவிடும். அதற்கென்றே காலின் அடியில் ஒரு முறிகோடு உண்டு. அங்கே முறிந்தால் உள்ளிருக்கும் சவ்வு காயத்தை அடைத்துக்கொள்ளும். இரத்தம் அதிகம் போகாது. பிறகு அவ்விடத்தில் ஒரு மொட்டு எழும்பும். கலங்கள் பிரிந்து பெருகி, தசையாகவும் நரம்பாகவும் ஓடாகவும் வேறுபட, மெல்லிய உறைக்குள் ஒரு முழுக் கால் மடிந்து கிடக்கும். அத்தோடு வளர்ச்சி நின்றுவிடும். ஓடு கழற்றும் காலம் நெருங்கும்போதுதான் அது மறுபடி பருக்கத் தொடங்கும். ஓடு கழன்றதும் மொட்டு விரிந்து காலாகும்.

எதற்காக அந்தக் காத்திருப்பு? நண்டின் கண்காம்பிலிருந்து சுரக்கும் ஒரு ஓமோன் ஓடு கழற்றுவதைத் தடுத்து வைத்திருக்கிறது. அது குறையும்போது வை உறுப்பு என்னும் சுரப்பி எக்டைசன் வகை ஓமோன்களைச் சுரக்கிறது. அவை கலத்துக்குள் புகுந்து, கருவில் இருக்கும் வாங்கிப் புரதத்தோடு இணைகின்றன. அந்த வாங்கி ஆர்.எக்ஸ்.ஆர். என்ற இன்னொரு வாங்கியுடன் சோடி சேர்ந்து டி.என்.ஏ.யில் அமர்ந்து, தேவையான பரம்பரையலகுகளை இயக்குகிறது. ஆர்.எக்ஸ்.ஆர். நமது உடம்பிலும் இருக்கிறது! விற்றமின் டி, தைரொயிட் ஓமோன் ஆகியவற்றின் வாங்கிகளோடு அது சோடி சேர்கிறது. வாவிச் சேற்றில் ஊர்வதற்கும் அதைப் பிடிப்பவருக்கும் அடிப்படை ஏற்பாடு ஒன்றே.

ஓமோன் கட்டளை இட்டாலும், மொட்டு வளரக் கலங்கள் பிரிய வேண்டுமே. கலம் எப்போது பிரிய வேண்டும் என்று முறை வைக்கும் புரதங்கள் சைக்கிளின்கள். 1982இல் கடல் முள்ளெலியின் முட்டைகளில் டிம் ஹண்ட் அவற்றைக் கண்டார். 2001இல் லீலண்ட் ஹார்ட்வெல், போல் நர்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்தார். சைக்கிளின்களின் வேலை கலப்பிரிவோடு முடிவதில்லை என்பது பின்னர் தெரிந்தது. மனிதக் கலங்களில் சைக்கிளின் டி1 ஈஸ்ட்ரோஜன் வாங்கியோடு ஒட்டி, ஓமோன் இல்லாமலே அதை இயக்கிவிடும் என்று 1997இல் கண்டார்கள். அதே புரதம் தைரொயிட் வாங்கியை அடக்கி வைக்கிறது. ஓரிடத்தில் முடுக்கி, இன்னோரிடத்தில் தடுத்து, கலம் பெருக வேண்டிய வேளையையும் முதிர வேண்டிய வேளையையும் வகுப்பதில் அதற்கும் பங்குண்டு. அந்த அளவு குலைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பல மார்பகப் புற்றுநோய்களில் மிகுந்து காணப்படும் இதே சைக்கிளின் டி1 சான்று.

நண்டின் உடலும் இப்படி இருபுறமும் கேட்டுத்தான் நடக்கிறது. பல கால்களை ஒன்றாக இழந்த நண்டு வழக்கத்துக்கு முந்தியே ஓடு கழற்றும். வளரும் மொட்டை இடையில் இழந்தாலோ, இன்னொரு மொட்டு வளரும்வரை ஓடு கழற்றுவதைத் தள்ளிப்போடும். ஓமோன் காலுக்குக் கட்டளை இடுகிறது. காலோ ஓமோனுக்குத் தவணை சொல்கிறது. மூளை சிறிது என்று நாம் எண்ணும் ஓர் உயிருக்குள் இத்தனை பொறுமையும் கணக்கும் வைத்தவனை வணங்காமல் இருக்க முடியுமா?

புதிய ஓடு இறுகும்வரை நண்டு மெத்தென்று, தற்காக்க வழியின்றி இருக்கும். அப்போது அதற்குக் கண்டல் வேர்களும் சேற்று வளைகளுமே தஞ்சம். வாவிக்கரைக் கண்டல்களை வெட்டாதீர்கள். மெத்தென்ற நண்டும் சினை நண்டும் கையில் அகப்பட்டால், வாவியிலேயே விட்டுவிடுங்கள்.