வார்டில் ஒரு வகுப்பறை



மாணவியர் பயிலும் பல மருத்துவமனைகளில் காலை ஏழு மணிக்கு வார்டுக்குள் நுழைந்தால் இந்தக் காட்சியைக் காணலாம். இரவு டியூட்டி முடித்த சிஸ்டர், காலை டியூட்டிக்கு வந்தவரிடம் ஒவ்வொரு படுக்கையாக நோயாளிகளை ஒப்படைக்கிறார். அவர்களுக்குப் பின்னால், கையில் சிறு குறிப்பேட்டுடன் நாலைந்து மாணவியர் நிற்கிறார்கள். அந்த நிமிடம் முதல் சிஸ்டருக்கு இரண்டு பொறுப்பு: நோயாளிகள் ஒன்று, மாணவியர் மற்றொன்று.

நர்சிங் கல்வியில் கணிசமான பகுதி வார்டில்தான் நடக்கிறது. பிரிட்டனில் 4,600 மணி நேரப் படிப்பில் பாதி, அதாவது 2,300 மணி நேரம், நடைமுறைப் பயிற்சியில் கழிய வேண்டும் என்பது விதி. நம் நாட்டிலும் இந்த வழக்கம் பழையது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909ஆம் ஆண்டு தொடங்கிய நர்சிங் பள்ளி, 1946இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக வளர்ந்தது. கல்லூரியில் கற்பிப்பவர்கள் வார்டுப் பொறுப்பையும் ஏற்கும் முறையை அங்கே பின்பற்றுகிறார்கள்.

கற்றுத்தரும் சிஸ்டர்கள் மனதில் என்ன இருக்கிறது? முதலில் நேர நெருக்கடி. ஊசி போடுமுன் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என ஐந்தையும் பார்க்க வேண்டும். அனுபவசாலிக்கு இது சில நிமிட வேலை. நடுங்கும் கையோடு நிற்கும் மாணவிக்கு ஒவ்வொன்றையும் விளக்கி, அவளையே செய்ய விட்டுப் பார்ப்பதற்குக் கூடுதல் நேரமாகும். அதற்குள் அடுத்த படுக்கையில் டிரிப் தீர்ந்துவிடும். டியூட்டி பட்டியல் போடுகிறவர்கள் கற்பிக்கும் நேரத்தைத் தனியாகக் கணக்கில் எடுப்பது அரிது. “வேலையும் குறையக் கூடாது, பாடமும் குறையக் கூடாது” என்ற மனச்சுமையோடுதான் பலர் வீடு திரும்புகிறார்கள்.

அதைவிடப் பாரமானது மதிப்பிடும் பொறுப்பு. 2003இல் ஸ்காட்லாந்தில் கேத்லீன் டஃபி என்ற ஆய்வாளர், தகுதி போதாத மாணவியரைத் தோல்வி என்று எழுத வழிகாட்டி நர்சுகள் தயங்குவதை வெளிப்படுத்தினார். குறையைப் பிந்திக் கவனிப்பது, ஒருத்தியின் எதிர்காலத்தைக் கெடுத்துவிட்டோமோ என்ற குற்ற உணர்வு, இன்னொரு வாய்ப்புக் கொடுப்போமே என்ற இரக்கம் ஆகியவை அதற்குக் காரணங்கள். ஆனால் அந்த இரக்கத்தின் விலையை நாளை ஒரு நோயாளி கொடுக்க நேரிடலாம். கைபிடித்துக் கற்பித்தவரே தீர்ப்பும் சொல்வது எவ்வளவு கடினம்! பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் 2018இல் வெளியிட்ட விதிகளில் இந்த இரண்டு பொறுப்புகளையும் பிரித்தது. உடனிருந்து மேற்பார்வை செய்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர்.

இத்தனைக்கும் பிறகு சிஸ்டர்கள் ஏன் மனமுவந்து கற்பிக்கிறார்கள்? மாணவி “ஏன் சிஸ்டர்?” என்று கேட்கும்போது, பழக்கத்தால் செய்துவந்த ஒன்றைத் தாமே மறுபடி யோசிக்கிறார்கள். விடை தெரியாவிட்டால் புத்தகத்தைத் திறக்கிறார்கள். பாட்டி ஒருவர் இரவு சாப்பிடவே இல்லை என்பதை, அவசரமில்லாமல் அருகில் உட்கார்ந்த மாணவிதான் கண்டுபிடித்துச் சொல்கிறாள். முதல் நாள் அழுதவள் மூன்றாம் ஆண்டில் தனியாக டிரெஸ்ஸிங் செய்வதைப் பார்க்கும் நிறைவுக்குச் சம்பளத்தில் ஈடு இல்லை.

அவர்கள் கேட்பது அதிகம் இல்லை. கற்பிக்கக் கொஞ்ச நேரம், கற்பிக்கும் முறையில் சிறு பயிற்சி, தயங்காமல் உண்மையை எழுதும்போது பின்னால் நிற்கும் ஒரு மேலாளர், இவ்வளவே.

நோயாளிக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு நாள் உங்கள் படுக்கையருகே மாணவி ஒருத்தி வந்து, “நான் செய்யலாமா?” என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சரி என்று நீங்கள் கையை நீட்டினால், அன்று அவளுக்குப் பாடம் சொன்னவர்களில் நீங்களும் ஒருவர்.