படைக்கு முந்திய பெண்கள்

‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பது நம் பெரியவர்கள் வாக்கு. கால்பந்து உலகத்தில் இது செல்லாது. அங்கே படைக்கு முந்தினவர்களுக்குத்தான் பந்தியில் இலை! பெரிய போட்டி எதுவானாலும், வாசலிலேயே தகுதிச் சுற்று என்று ஒன்று காத்திருக்கும். நாலைந்து தேசங்களை ஒரு பிரிவில் சேர்த்து, “உங்களுக்குள் மோதிப் பாருங்கள், முதலில் நிற்பவர் உள்ளே வரலாம்” என்று சொல்லிவிடுவார்கள்.

பெண்கள் ஆசியக் கோப்பையின் அந்த வாசலை 2025-ல் நம் பெண்கள் தாண்டிய கதை கேட்கத் தகுந்தது.

முதலில் ஒரு பழைய வேதனையைச் சொல்லியாக வேண்டும். 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. விருந்து நடத்தும் வீட்டார் என்பதால் நமக்குத் தகுதிச் சுற்று கிடையாது. ஈரானுடன் முதல் ஆட்டம் கோல் இன்றிச் சமமாக முடிந்தது. அடுத்த ஆட்டத்துக்குள் கொரோனா அணிக்குள் புகுந்துவிட்டது! குறைந்தது 13 பேர் வேண்டும் என்பது விதி. அத்தனை பேர் தேறவில்லை. போட்டியை விட்டே வெளியேற நேர்ந்தது. ஆடிய ஆட்டமும் கணக்கில் சேராமல் போயிற்று. சொந்த வீட்டு விருந்தில், இலை போட்ட பிறகு எழுந்து போவதென்றால் எப்படி இருக்கும்?

2026-ம் ஆண்டுக் கோப்பை ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று. இந்தத் தடவை வாசல் வழியாகத்தான் போக வேண்டும். நம் பிரிவில் தாய்லாந்து, மங்கோலியா, கிழக்குத் திமோர், ஈராக். ஐந்து பேருக்கு ஒரே இடம். ஆட்டங்கள் நடந்ததோ தாய்லாந்தின் சியாங் மாய் நகரில்!

ஜூன் 23-ந் தேதி மங்கோலியாவுக்கு எதிராக 13 கோல். திமோருக்கு எதிராக 4. ஈராக்குக்கு எதிராக 5. கோல் போட்டவர்களில் பியாரி, மனிஷா ஆகியோரோடு தமிழ்நாட்டுப் பிரியதர்ஷினியும் கார்த்திகாவும் உண்டு. மொத்தம் 22 கோல். வாங்கியது ஒன்றுகூட இல்லை.

வேடிக்கையைப் பாருங்கள்: தாய்லாந்தும் அதே மூன்று அணிகளை வென்று, அதே 22 கோல் போட்டு, ஒன்றுகூட வாங்காமல் நின்றது. தராசு முள் அசையவே இல்லை! எல்லாம் ஜூலை 5-ந் தேதி ஆட்டத்தின் தலையில் விழுந்தது.

தாய்லாந்து லேசுப்பட்ட எதிரி அல்ல. 2015, 2019 இரண்டு உலகக் கோப்பைகளிலும் ஆடிய அணி. உலக வரிசையில் அவர்கள் 46, நாம் 70. 1983-ல் பாங்காக்கில் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்தவர்களும் அவர்களே.

முதல் பாதியில் வங்காளத்துச் சங்கீதா பாஸ்ஃபோர் ஒரு கோல் போட்டார். இடைவேளை முடிந்த சற்றைக்கெல்லாம் தாய்லாந்து சமன் செய்தது. உள்ளூர் அணிக்கு உற்சாகம் பிறந்துவிட்டால் வெளியூர் அணிக்குக் கால் தளர்வது வழக்கம். நம் பெண்களுக்குத் தளரவில்லை. 74-வது நிமிஷத்தில் மறுபடியும் சங்கீதா! 2-க்கு 1. அதன் பிறகு ஒவ்வொரு நிமிஷமும் ஒரு யுகம். விசில் ஊதிற்று, இடம் நமக்கு!

தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து, இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை. 2022-ல் கிடைத்தது வீட்டார் என்ற முறையில் வந்த இலை. 2025-ல் கிடைத்தது, அயலார் வீட்டுக்கே போய், அவர்களோடு மோதி வாங்கிய இலை. அதன் ருசியே தனி அல்லவா?