மசாலா டப்பாவுக்கு ஒரு மேல்விலாசம்

பாக்கெட் மிளகாய்த்தூளின் மேல் பேட்ச் எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதி. வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு. தூள் டப்பாவுக்கு, தேதி குப்பைக்கு. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மிளகும் கிராம்பும் நிறுத்து வாங்கி வருகிறவர்களுக்கு அந்தத் தேதியும் கிடையாது.

லேபிளில் பெயரைவிடத் தேதிதான் முக்கியம் என்பது என் கட்சி. மிளகாய்த்தூளைப் பார்த்தாலே தெரியும்; அதன் வயது தெரியாது. (மல்லித்தூளும் சீரகத்தூளும் அடுத்தடுத்து இருக்கும் அலமாரியில் பெயரும் வேண்டும்தான்.) மசாலாவின் மணம் என்பது ஆவியாகும் எண்ணெய். நல்ல கிராம்பின் எடையில் 15 முதல் 20 விழுக்காடு இந்த எண்ணெய்தான். அதில் பெரும்பங்கு யூஜெனால். முழுக் கிராம்பில் அது நுண்ணிய சுரப்பிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும். அரைத்ததும் சுரப்பிகள் உடைந்து, மூடியைத் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிவிடும். மிளகின் காரமான பைப்பரின் ஆவியாகாது; ஆனால் வெளிச்சம் பட்டால் அதன் மூலக்கூறு வடிவம் மாறிக் காரம் குறையும். மிளகாயில் கதை தலைகீழ்: காரம் நிற்கும், சிவப்பு வெளுக்கும்.

சரி, தேதி போட்டு வீட்டிலேயே லேபிள் அச்சிடலாம். எந்த பிரின்டரில்?

இங்க்ஜெட் பிரின்டர் சில பிகோலிட்டர் அளவேயான மைத்துளிகளைக் காகிதத்தில் தெளிக்கிறது. அந்த மை இரண்டு வகை. சாய மை தண்ணீரில் கரைந்த நிறம். ஈரக்கை பட்டால் மறுபடியும் கரைந்து ஓடும். நிறமி மையில் நிறம் கரையாத நுண்துகளாக மிதக்கிறது. நீர் வற்றியதும் காகித இழைகளுக்கிடையே தங்கிவிடும். சில பிரின்டர்களில் கறுப்பு மட்டும் நிறமி மை, வண்ணங்கள் சாய மை. வேறு சிலவற்றில் எல்லாமே சாயம். அச்சிட்டு ஒரு நாள் விட்டு, ஈர விரலால் தேய்த்துப் பார்த்தால் உங்களுடையது எது என்று தெரிந்துவிடும். மழைக்காலக் காலைகளில் திருவனந்தபுரத்துக் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும்போது, சாய மை எழுத்தின் ஓரங்கள் தொடாமலேயே மங்கலாம். மேலே செல்லோ டேப் ஒட்டுவதானால் லேபிளின் நான்கு பக்கமும் சில மில்லிமீட்டர் வெளியே நீளும்படி ஒட்டுங்கள். காகித ஓரம் திறந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாகவே உள்ளே ஏறும்.

ஜெராக்ஸ் கடை லேசர் அச்சுக்குத் தண்ணீர் பயமில்லை. டோனர் என்பது மையே அல்ல, பிளாஸ்டிக் தூள். ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் உருகிக் காகிதத்தில் பிடிக்கிறது. அதற்கு எதிரி வேறு. ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன் இந்த வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். நகலெடுத்த படத்தை வேறு காகிதத்துக்கு மாற்ற ஓவியர்கள் சிலர் ஆரஞ்சு எண்ணெய்க் கரைப்பானைப் பயன்படுத்துவது இதனால்தான். ஒரு எச்சரிக்கை: இங்க்ஜெட்டுக்கென்று விற்கும் பளபளப்பான ஸ்டிக்கர் ஷீட்டை லேசரில் விட்டால், சூட்டில் பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளலாம்.

உள்ளங்கை அளவு தெர்மல் பிரின்டர்களுக்கு மையே வேண்டாம். நிறமற்ற சாயமும் அதைக் கறுப்பாக்கும் அமிலப் பொருளும் காகிதத்திலேயே பூசியிருக்கும். சூடு பட்ட இடத்தில் இரண்டும் சேர்ந்து எழுத்தாகின்றன. சூப்பர் மார்க்கெட் பில்லும் இதேதான். அடுப்பருகே வைத்தால் முழுவதும் கறுக்கும், எண்ணெய் பட்டால் எழுத்து மறையும், பாதுகாப்புக்கு ஒட்டும் டேப்பே அதை அழித்துவிடவும் கூடும். சமையலறைக்கு இது ஏற்றதல்ல, ஆனாலும் ஆறே மாதத்தில் தீரும் பொடிக்குப் பரவாயில்லை. இவற்றில் பல ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிதான் போடும். எழுத்து 2 மில்லிமீட்டர் உயரமென்றால் 16 புள்ளிக்குள் அடங்க வேண்டும். பெருஞ்சீரகத்தின் ‘ஞ்’ அதில் கரும்பொட்டாகிவிடும். இரட்டிப்பு உயரம் கொடுங்கள். சில செயலிகளில் ‘சோம்பு’ என்று தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி விழும். தமிழோ மலையாளமோ, பெயரைப் படமாக்கி அனுப்பினால் சரியாக வரும்.

அச்சு நிலைத்தாலும் பசை கைவிடலாம். 1935-இல் அமெரிக்காவின் ஸ்டான்டன் ஏவரி விற்கத் தொடங்கிய தானே ஒட்டும் லேபிளின் பசை, அழுத்தும்போது திரவம்போல் பரவி, இழுக்கும்போது திடப்பொருள்போல் எதிர்க்கும். பரவுவதற்கு அவகாசம் வேண்டும். முழுப் பிடிப்பு வர ஒன்றிரண்டு நாளாகும். கண்ணாடியில் நன்றாகப் பரவும், பாலிஎத்திலீன் டப்பாவில் சுருண்டு நிற்கும். வளைந்த பாட்டிலில் ஓரம் எழும்புவதற்கு ஒரு காரணம் காகிதத்தின் இழையோட்டம். இழைகள் பாட்டிலின் உயரத்தை ஒட்டி ஓடினால் காகிதம் எளிதாக வளையும். ஏ4 தாளில் அவை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். ஆகவே லேபிளின் உயரம் தாளின் நீளத்தோடு பொருந்தும்படி அமையுங்கள். மைதாப் பசை? காகிதத்தோடு அருமையாகப் பிணையும், ஆனால் ஈரக்காற்றில் பூசணம் பிடிக்கும், கரப்பானும் இராமபாணப் பூச்சியும் தின்னும். பைண்டிங் செய்பவர்கள் அதற்காகவே மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, சாப்பாட்டுச் சாமான் பக்கமே வரக்கூடாது.

மூடியில் மட்டும் ஒட்டாதீர்கள். கழுவி வைக்கும்போது மூடிகள் ஊர் மாறிவிடும்.

மஞ்சள்தூள் டப்பாவின் லேபிள் எப்படியும் மஞ்சளாகும். அதன் நிறமான குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. டேப்பின் பிளாஸ்டிக்குக்குள் புகுந்துகொள்ளும். சோப்புப் போட்டால் காரத்தன்மையால் சிவக்கும். வெயிலில் வைத்தால் வெளுக்கும், ஆனால் டப்பாவைக் காலி செய்துவிட்டு வையுங்கள். உள்ளே இருக்கும் தூளையும் அதே வெயில் வெளுக்கச் செய்யும்.

பழைய லேபிளை நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை. மேல்தாளை உரித்துவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவி அரைமணி நேரம் விட்டால் பசை இளகி வழுக்கிக்கொண்டு வரும். பிறகு சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் போக்கி, ஈரம் உலர்ந்த பின் புதியதை ஒட்டுங்கள். பழைய பசையை இளக்கிய அதே எண்ணெய் புதிய பசையையும் இளக்கிவிடும்.