5 லட்சத்தை எதில், எவ்வளவு போடலாம்? 9-ஆம் வகுப்பு கணக்கு சொல்லும் பதில்!

'இந்த எக்ஸ், ஒய் எல்லாம் வாழ்க்கையில எதுக்குப் பயன்படப் போகுது?' பள்ளியில் இப்படிக் கேட்காதவர்கள் குறைவு. சேமிப்பு கொஞ்சம் சேர்ந்து, அதை இரண்டு இடத்தில் பிரித்துப் போடலாம் என்று யோசிக்கும்போது அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. 9-ஆம் வகுப்பில் 'பிரதியிடல் முறை' என்று படித்தோமே, அதேதான்!

என்ன கணக்கு?

உங்களிடம் 5 லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் 7% வட்டி தரும் வங்கி எஃப்.டி-யில், மீதி மியூச்சுவல் ஃபண்டில். ஃபண்ட் ஆண்டுக்கு 12% தரும் என்பது உங்கள் எதிர்பார்ப்பு. வரிக்கு முன் ஆண்டுக்கு 42,000 ரூபாய் வர வேண்டும். எதில் எவ்வளவு போடுவது?

வங்கியில் போடும் தொகை 'வ', ஃபண்டில் போடும் தொகை 'ம'. தெரியாத விஷயம் இரண்டு. அதனால் சமன்பாடும் இரண்டு வேண்டும்.

1. வ + ம = 5,00,000
2. 0.07வ + 0.12ம = 42,000

எப்படிப் போடுவது?

படி 1: முதல் சமன்பாட்டில் 'வ'-வைத் தனியாக்குங்கள். வ = 5,00,000 – ம.

படி 2: இரண்டாவது சமன்பாட்டில் 'வ' இருக்கும் இடத்தில் இதை அப்படியே வையுங்கள். 0.07 × (5,00,000 – ம) + 0.12ம = 42,000. இப்போது தெரியாதது ஒன்றே ஒன்றுதான். பிரதியிடலின் மொத்த ரகசியமும் இதுதான்.

படி 3: சுருக்கினால், 35,000 + 0.05ம = 42,000. அதாவது 0.05ம = 7,000. எனவே ம = 1,40,000; வ = 3,60,000.

சரிபார்ப்போமா? எஃப்.டி-யில் 25,200, ஃபண்டில் 16,800. கூட்டினால் 42,000. டேலி ஆகிவிட்டது!

12% வராவிட்டால்?

இங்கேதான் கவனம் தேவை. எஃப்.டி வட்டி, போடும்போதே முடிவாகிவிடும். ஃபண்டின் 12% என்பது உத்தரவாதம் இல்லை. அது 9% என்று வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். 0.05 இருந்த இடத்தில் 0.02 வரும். 0.02ம = 7,000 என்றால், ம = 3,50,000!

விகிதம் 3 புள்ளிதான் குறைந்தது. ஆனால், அதே 42,000 கிடைக்க ஃபண்டில் போட வேண்டிய பணம் இரண்டரை மடங்காகிவிட்டது. ரிஸ்க்கும் அதற்கேற்ப ஏறும். வங்கி டெபாசிட்டுக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020-ல்தான் இது 1 லட்சத்திலிருந்து உயர்த்தப்பட்டது. மியூச்சுவல் ஃபண்டுக்கு அப்படி ஒரு காப்பீடு கிடையாது.

விடை மைனஸில் வந்தால்?

'7%, 12% திட்டங்கள்ல பிரிச்சுப் போடுங்க, வருஷம் 65,000 வரும்' என்று ஒருவர் சொல்கிறார். அதையும் போட்டுப் பார்ப்போம். 35,000 + 0.05ம = 65,000. எனவே ம = 6,00,000; வ = –1,00,000.

கையில் இருப்பதே 5 லட்சம். அதில் 6 லட்சத்தை ஃபண்டில் எப்படிப் போட முடியும்? எஃப்.டி-யில் 'மைனஸ் 1 லட்சம்' என்றால், அதே 7%-க்கு 1 லட்சம் கடன் வாங்கியும் ஃபண்டில் போட வேண்டும் என்று அர்த்தம். 5 லட்சத்தையும் 12%-ல் போட்டாலே 60,000-தான் கிடைக்கும். ஆக, அவர் சொல்வது தப்புக் கணக்கு. இல்லையென்றால், 12%-ஐ விட அதிக ரிஸ்க் உள்ள எதையோ சொல்லாமல் மறைக்கிறார்.

அடுத்த முறை யாராவது 'இவ்வளவு வரும்' என்று ஒரு தொகையைச் சொன்னால், இரண்டே கேள்வி கேளுங்கள்: எதில் எவ்வளவு? எத்தனை சதவிகிதம்? பதிலை மொபைல் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்க 2 நிமிடம் போதும்.