லெவண்டர் வியாபாரம்: முதலில் மண்ணைப் பாருங்கள்

லெவண்டர் எண்ணெயின் விலையைக் கேட்டதும், நுவரெலியாப் பக்கம் காணியைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடலாமே என்ற யோசனை வருவது இயல்பு. குளிர் இருக்கிறது, ஆகவே லெவண்டர் வளரும் என்பது கணக்கு. ஆனால் இந்தக் கணக்கில் மண்ணும் மழையும் விடுபட்டுப் போகின்றன.

லெவண்டரின் தாயகம் மத்தியதரைக் கடல் நாடுகள். சுண்ணாம்பு மண்ணும் காய்ந்த கோடையும் அதற்குப் பழக்கம். தேயிலை இதற்கு நேர்மாறு. தேயிலைக்கு பி.எச். 4.5 முதல் 5.5 வரையான அமில மண் வேண்டும், லெவண்டருக்கு 6.5க்கு மேல் இருந்தால் நல்லது. நுவரெலியாவில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூத்திருந்தால், அந்த மண்ணில் அமிலம் உண்டென்று அறியலாம். ஹட்டன் பக்கமோ தென்மேல் பருவமழையை நேராக வாங்குகிறது. வேரில் நீர் தேங்கினால் லெவண்டர் அழுகிவிடும்.

ஜம்முவின் பதர்வா பகுதியில் லெவண்டர் வெற்றி பெற்றது உண்மைதான். ஆனால் அங்கே 2016இல் தொடங்கிய அரோமா மிஷன் திட்டத்தில் அரசாங்க ஆராய்ச்சி நிறுவனமே நாற்றுக் கொடுத்தது. எண்ணெய் வடிக்கும் இயந்திரங்களையும் அமைத்தது. 100 கிலோ பூவிலிருந்து கிடைக்கும் எண்ணெய் ஏறத்தாழ 1 கிலோதான். தனி ஆளாக ஒருவர் அந்த முதலைப் போடுவது கடினம்.

ஆகவே சிறிதாகத் தொடங்குங்கள். பாத்தியை ஓர் அடி உயர்த்தி, மணலும் சிறுகல்லும் கலந்து, தோட்டங்களில் பாவிக்கும் டொலமைட்டை இடுங்கள். எருவை அள்ளிக் கொட்டினால் இலைதான் வரும், பூ குறையும். பூத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். முற்றிய தண்டில் கத்தி வைக்க வேண்டாம்.

கூட நடும் செடி ஒரே தாகமுள்ளதாக இருக்க வேண்டும். ரோஸ்மேரி, தைம், சேஜ் மூன்றும் பொருந்தும். ஈரம் கேட்கும் புதினாவையும் ஹைட்ரேஞ்சியாவையும் அதே பாத்தியில் சேர்க்க வேண்டாம். ஸ்ட்ரோபெரியைப் பக்கத்துப் பாத்தியில் வைத்தால், லெவண்டரைத் தேடி வரும் தேனீக்கள் அதன் காய்ப்புக்கும் உதவும்.

எண்ணெயை நம்பாமல், ஏப்ரல் சீசனில் வரும் உல்லாசப் பயணிகளுக்குச் சாடிச் செடியும் உலர்ந்த பூங்கொத்தும் விற்கலாம். தாய்ச் செடியின் கிளையை வெட்டி மணலில் ஊன்றினால் புதுச் செடி கிடைக்கும். நாற்றுச் செலவு குறையும்.

முதலில் 20 செடிகளை வையுங்கள். ஒரு தென்மேல் பருவமழை போகட்டும். மிஞ்சிய செடிகளை எண்ணிப் பார்த்த பிறகு குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கலாம்.